போனா, பிரையனா? – ஒரு கறுப்பு ஆல்பமும் எங்க டீக்கடையும்

போன மாதம் ஒரு ராத்திரி எங்கள் விடுதியில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் இல்லை, வைஃபை இல்லை, கொசு மட்டும் உண்டு. எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம். யாரோ ஒரு புண்ணியவான் கையில் புளூடூத் ஸ்பீக்கர். அதில் மணி அடிக்க ஆரம்பித்தது. டொய்ங்ங்ங்... டொய்ங்ங்ங்... அப்புறம் ஒரு கிடார். தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்' ஆல்பம், முதல் பாட்டு 'ஹெல்ஸ் பெல்ஸ்'.

அத்தோடு நிம்மதி போச்சு. கரண்ட் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது, சண்டை விடிகிற வரைக்கும் ஓடியது :-)

சண்டையில் இரண்டு கட்சி. முதல் கட்சிக்குத் தலைவர் மெக்கானிக்கல் நாலாம் வருஷம் படிக்கும் கோயமுத்தூர் அண்ணன். "போன் ஸ்காட் செத்தப்பவே ஏசி/டிசி முடிஞ்சு போச்சுங்க" என்பது அவர் கொள்கை. எதிர்க்கட்சி என் அறைத்தோழன், மதுரைக்காரன். "ஹார்ட் ராக்ல இதுக்கு மேல ஒரு ஆல்பம் இருந்தா காட்டுங்கண்ணே, நான் மொட்டை போட்டுக்கிறேன்" என்பான். நான் வழக்கம்போல நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த இசைப் பக்கமே வராதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

ஏசி/டிசி 1973ல் ஆஸ்திரேலியாவில், சிட்னியில் தொடங்கிய குழு. மால்கம் யங், ஆங்கஸ் யங் என்று இரண்டு சகோதரர்கள், இரண்டு பேரும் கிடார். மேடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம், அரை டிராயரோடு குதிக்கிறவர் தம்பி ஆங்கஸ். 1974ல் பாடகராகச் சேர்ந்தவர் போன் ஸ்காட். ஸ்காட்லாந்தில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனவர். ஐந்தாறு வருஷம் ஊர் ஊராக வண்டியில் சுற்றி, மது விடுதிகளில் பாடி, மெல்ல மெல்ல மேலே வந்தார்கள். 1979ல் 'ஹைவே டு ஹெல்' அமெரிக்காவிலும் நன்றாக விற்றது. இனி ஏறுமுகம்தான் என்று இருந்த நேரம். 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில், ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு நண்பரின் காரில் தூங்கிய போன் ஸ்காட் எழுந்திருக்கவில்லை. அளவுக்கு மீறிய குடி என்று விசாரணையில் முடிவானது. வயது 33.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் சண்டைக்கு விதை. மார்ச் கடைசிக்குள் புதுப் பாடகர் கிடைத்துவிட்டார், பிரையன் ஜான்சன். ஏப்ரலில் பஹாமாஸ் தீவில் நாசோ என்ற ஊரில் ஒலிப்பதிவு. ஜூன் 29 அன்று பெல்ஜியத்தில் புதுப் பாடகரோடு முதல் கச்சேரி. ஜூலை 25 அன்று ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. நாலு பேர் தோளில் தூக்கிய நாளிலிருந்து எண்ண வேண்டாம், செத்த நாளிலிருந்தே எண்ணினால் 157 நாள். அவ்வளவுதான்.

கோயமுத்தூர் அண்ணனின் வாதங்களைச் சும்மா சொல்லக் கூடாது, வலுவானவை. போன் ஸ்காட்டின் பாட்டில் ஒரு ஆள் இருப்பார் என்கிறார். கஷ்டப்படுகிற, தோற்றுப்போகிற, அதைச் சொல்லித் தானே சிரிக்கிற ஆள். 1976ல் வந்த 'ரைட் ஆன்' பாட்டைக் கேட்டால் ராத்திரி நேரத்தில் தனியாக நடந்து போகிற ஒருவன் கண்ணுக்குத் தெரிவான். 1978ல் வந்த 'பவரேஜ்' ஆல்பத்தில் காசு இல்லாதவனின் கதை இருக்கிறது. பிரையன் வந்த பிறகு கதை போச்சு, இரட்டை அர்த்தம் மட்டும் மிச்சம் என்பது முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது, தயாரிப்பு. மட் லாங் என்கிற தயாரிப்பாளர் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டாராம். "பழைய ஆல்பத்துல ஆம்ப்ளிஃபயர் சூடாகற வாசனையே வரும் தம்பி. இதுல ஃபினாயில் வாசனை வருது" என்றார். (இதில் ஒரு சிக்கல். அவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் 'ஹைவே டு ஹெல்'லுக்கும் அதே மட் லாங்தான் தயாரிப்பாளர். மதுரைக்காரன் இதைச் சொன்னதும் அண்ணன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.)

மூன்றாவது பெரிய குற்றச்சாட்டு, திருட்டு. ஆல்பத்தின் அட்டையில் பாடல்கள் யங், யங், ஜான்சன் என்று மூன்று பேர் பெயரில் இருக்கின்றன. ஆனால் போன் ஸ்காட் விட்டுப்போன நோட்டுப் புத்தகங்களிலிருந்து வரிகளை எடுத்துக்கொண்டார்கள் என்று ரசிகர்களில் ஒரு சாரார் நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். 2017ல் ஜெஸ்ஸி ஃபிங்க் போன் ஸ்காட்டைப் பற்றி எழுதிய புத்தகம் இந்தச் சந்தேகத்தை விரிவாகப் பேசியது. யங் சகோதரர்கள் மறுத்தே வந்தார்கள். 2022ல் வந்த தன் சுயசரிதையில் பிரையன், எழுதியது நான்தான் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு போன் ஒத்திகைக்கு வந்து, ஓரிரு பாட்டின் ஆரம்ப வடிவத்துக்கு டிரம்ஸ் வாசித்தார் என்பது வரை இரு தரப்பும் ஒத்துக்கொள்கிறது. ஆம், அவர் முதலில் டிரம்மர். அதற்கு மேல் நம்பிக்கைதான். சாமி கண்ணைக் குத்தும் என்கிற மாதிரி.

மதுரைக்காரனின் பதில் எளிமையானது. "பாட்டைக் கேளுங்கண்ணே." பத்துப் பாட்டு, 42 நிமிஷம், தள்ளிவிடுகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம் என்கிறான். இங்கிலாந்தில் முதலிடம். அமெரிக்காவில் மட்டும் 2019 கடைசியில் இரண்டரைக் கோடி பிரதிகளுக்கான சான்றிதழ். டிரம்ஸ் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிற்கும், அந்த இடைவெளியில் கிடார் வந்து உட்காரும். வாசிக்கிற சத்தத்தை விட வாசிக்காத இடம்தான் இந்த ஆல்பத்தின் அழகு என்று அவன் சொன்னபோது நான் அசந்துபோனேன். இந்தப் பயல் கணக்குப் பரீட்சையில் மூன்று அரியர் வைத்திருக்கிறான் என்று நம்ப முடியவில்லை.

மூன்றாவது ஒரு கட்சியும் உண்டு என்பது மறுநாள் வகுப்பில்தான் தெரிந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, ராக் எல்லாம் நன்றாகக் கேட்பவள், இந்தச் சண்டையைக் கேள்விப்பட்டுச் சிரித்தாள். "போன் எழுதினா என்ன, பிரையன் எழுதினா என்ன? அந்த ஆல்பத்துல பாதிப் பாட்டுல பொண்ணுங்கிறது ஒரு பொருள். கிடாரை மட்டும் கேட்பேன், வாயைத் திறந்தா சத்தத்தைக் குறைச்சுருவேன்." இரண்டு கட்சித் தலைவர்களுக்கும் பதில் வரவில்லை. எனக்கும்தான். அது நியாயமான கருத்து, அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

சரி, நான் எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். அன்று மாடியில் அண்ணன் கடைசியாக ஒன்று சொன்னார். "மனுசன் செத்து ஆறு மாசம் ஆகலைங்க. அதுக்குள்ள வேற ஆளைக் கொண்டாந்து, கல்லா கட்டிட்டாங்க. அது துரோகங்க." எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். எனக்கு மட்டும் சுரீர் என்றது. ஏனென்றால் இதே வார்த்தையை நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். ஆங்கஸ் யங்கைப் பார்த்து அல்ல. எங்க அப்பாவைப் பார்த்து.

கொசுவத்தி சுத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்துக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு டீக்கடை. தாத்தா போட்ட கடை. நாற்பது வருஷத்துக்கு மேல் பாய்லர் முன்னால் நின்றவர். அவர் டீ ஆற்றுவதைப் பார்க்கவே ஆள் வரும். 2022 நவம்பரில், நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனார். ஐம்பது வருஷத்துப் பீடி.

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கடை திறக்க மாட்டார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. அப்பா ஆறாம் நாள் காலை நாலு மணிக்கு எழுந்து போய்ப் பாய்லரைப் பற்ற வைத்துவிட்டார். அத்தை கடை வாசலிலேயே நின்று கத்தினார். "அய்யா சாம்பல் சூடு ஆறலையே, அதுக்குள்ள பாய்லருக்குச் சூடேத்திட்டியேடா!" அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கிளாஸ் கழுவிக்கொண்டே இருந்தார். நானும் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் வைத்துச் சொன்னேன். "துரோகம்ப்பா இது." அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான்தான் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வீட்டில் இருந்த அந்த ஐந்து நாளும் அப்பா தூங்கவில்லை. திண்ணையில் உட்காருவார், எழுந்திருப்பார், கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். கடைக்குப் போன அன்று ராத்திரிதான் தூங்கினார்.

யங் சகோதரர்கள் கதையைப் பிறகு வாசித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. போனின் இறுதிச் சடங்குக்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். குழுவையே கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். போனின் பெற்றோர்தான், நீங்கள் நிறுத்தக் கூடாது, வேறு ஆளைப் பார்த்துத் தொடருங்கள் என்று சொன்னவர்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மால்கம்தான் தம்பிக்குப் போன் போட்டு, வா, போய் ஏதாவது வாசிப்போம் என்று கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரு அறையில் உட்கார்ந்து கிடார் வாசித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதைக் கல்லா கட்டுவது என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

அவர்கள் மறந்துவிட்டார்களா என்றால், ஆல்பத்தைக் கையில் எடுத்தாலே பதில் இருக்கிறது. அட்டை முழுக்கக் கறுப்பு. படம் கிடையாது. துக்கத்துக்கு அது. இப்படி வைத்தால் கடையில் யார் கண்ணில் படும் என்று ரெகார்டு கம்பெனி முனகியது. கடைசியில் குழுவின் பெயரைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கோடு போட்டுச் சமாதானமானார்கள். முதலில் கேட்பது சாவு மணி. அந்த மணியை இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊரில் உள்ள ஜான் டெய்லர் வார்ப்புப் பட்டறையில் ஒலிப்பதிவு செய்தார்கள். முதலில் அந்த ஊரின் கோபுர மணியைத்தான் பதிவு செய்யப் பார்த்தார்களாம். ஒவ்வொரு அடிக்கும் கோபுரத்தில் இருந்த பறவைகள் சடசடவென்று பறந்து சத்தத்தைக் கெடுத்துவிட்டனவாம். ஆல்பத்தின் முதல் சத்தமாக இதை வைக்க இவ்வளவு மெனக்கெட்டவர்கள் செத்தவரை மறந்தவர்களாக இருக்க முடியாது.

ஆனால் ஒரு இடத்தில் நான் இன்றைக்கும் கோயமுத்தூர் அண்ணன் பக்கம்தான். ஆல்பத்தின் எட்டாவது பாட்டு 'ஹேவ் எ டிரிங்க் ஆன் மீ'. குடியைக் கொண்டாடுகிற பாட்டு. குடித்துச் செத்த நண்பனுக்கான ஆல்பத்தில் இது எதற்கு? "அது போனோட குணம், அவரை அனுப்பி வைக்கிற முறை அதான்" என்று மதுரைக்காரன் சொல்கிறான். இருக்கலாம். எனக்கு அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் எங்கள் கடையில் தொங்குகிற பீடிக் கட்டுதான் ஞாபகம் வருகிறது. ஆறாம் நாள் கடை திறந்தபோது அதுவும் தொங்கியது. பக்கத்தில் பற்ற வைக்கிற கயிறும் புகைந்துகொண்டிருந்தது. "இதையாவது எடுத்துருங்கப்பா" என்று கேட்டேன். "பீடி இல்லாத கடைல டீக்கு ஆள் நிக்காதுடா" என்றார். இன்றைக்கும் தொங்குகிறது. அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். அந்தப் பாட்டை மட்டும் நான் தள்ளிவிடுவேன். தள்ளிவிட ஒரு பாட்டாவது சொல்லுங்கள் என்று கேட்டவனுக்கு என் பதில் இது.

அடுத்தது பிரையன். அவரைப் பற்றி இரண்டு கட்சிக்காரர்களும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. 1980ல் அவர் 32 வயதில், வடக்கு இங்கிலாந்தில், கார்களுக்கு வினைல் கூரை போடுகிற சின்னத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் 'ஜோர்டி' என்ற குழுவில் பாடி, சில பாட்டுகள் ஓடி, பிறகு ஒன்றுமில்லாமல் போனவர். அந்தக் காலத்தில் அவர் பாடியதைக் கேட்டுவிட்டு, யங் சகோதரர்களிடம் அவரைப் புகழ்ந்து சொன்னது யார் தெரியுமா? போன் ஸ்காட்! மேடையில் அவர் தரையில் விழுந்து உருண்டு அலறினாராம், போன் அசந்துவிட்டாராம். உண்மையில் பிரையனுக்கு அன்றைக்குக் குடல்வால் வலி. இது பிரையனே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை.

அப்படிப்பட்டவர் போன் மாதிரி பாட முயற்சி செய்யவில்லை. போனின் குரலில் ஒரு நக்கல் இருக்கும், வார்த்தையை இழுத்துக் கண் சிமிட்டுவார். பிரையன் குரல் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி மேலே போகும். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தன் குரலில் பாடினார். பிடிக்காதவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

எங்கள் கடையிலும் அதே கூத்துதான். முதல் ஒரு வருஷம் பெஞ்சில் உட்காருகிற பெரிசுகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஹும்... அய்யா போட்ட டீ மாதிரி வராதுப்பா" என்பார்கள். தாத்தா டீ கொஞ்சம் கசப்பு, டிகாக்‌ஷன் தூக்கலாக இருக்கும். அப்பா போடுவதில் பால் கொஞ்சம் கூட, இஞ்சி தட்டிப் போடுவார். தாத்தா மாதிரியே போடத் தெரியாதா என்று ஒருநாள் கேட்டேன். "தெரியும். முப்பது வருசம் பக்கத்துல நின்னிருக்கேன்ல" என்றார். அப்புறம் ஏன் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்தப் பெரிசுகள் யாரும் கடை மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறை சொல்லிக்கொண்டே தினமும் வந்தார்கள். குறை சொல்வதுதான் தாத்தாவைப் பற்றிப் பேச அவர்களுக்கு இருந்த ஒரே வழி என்று இப்போது தோன்றுகிறது. கோயமுத்தூர் அண்ணனும் அப்படித்தானோ? 'பேக் இன் பிளாக்' பிடிக்காது என்கிற மனுஷனுக்கு அதில் எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் என்பது வரைக்கும் மனப்பாடம்.

கதை அதோடு முடியவில்லை. 2016ல் பிரையனுக்குக் காது கேட்காமல் போகும் அபாயம் வந்து, சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டார். மீதிக் கச்சேரிகளுக்கு 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' குழுவின் ஆக்சல் ரோஸ் வந்து பாடினார். உடனே உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள், "பிரையன் இல்லாத ஏசி/டிசியா? துரோகம்!" 36 வருஷம் முன்னால் யாரை ஒட்டுப்போட்ட ஆள் என்று ஏசினார்களோ, அவரை விட்டால் குழுவே இல்லையாம் இப்போது. 2017 நவம்பரில் மால்கமும் போய்விட்டார். 2020ல் பிரையன் திரும்பி வந்து 'பவர் அப்' ஆல்பத்தில் பாடினார். அதை மால்கமுக்குச் சமர்ப்பணம் செய்தார்கள். மறுபடியும் வேலைதான்.

போன தீபாவளி லீவில் அப்பாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் நான் பாய்லர் முன்னால் நின்றேன். எங்கள் ஆஸ்தான பெரிசு ஒருவர் கிளாஸை வாங்கி ஊதி, ஒரு வாய் குடித்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரவால்ல தம்பி. ஆனா உங்கப்பா டீ மாதிரி வராது."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எந்தக் கட்சி என்று இன்னும் கேட்டீர்களானால், 42 நிமிஷம் ஒதுக்கி, விளக்கை அணைத்துவிட்டு, அந்த மணியிலிருந்து கேளுங்கள். எட்டாவது பாட்டைத் தள்ளுவதும் தள்ளாததும் உங்கள் இஷ்டம்.